ஒரே கேபின், நான்கு விதக் கடப்பிதழ்: சொகுசுக் கப்பலில் ஏற யாருக்கு என்ன வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பள்ளி விடுமுறை நெருங்கினாலே கப்பல் பயண விளம்பரங்கள் வாட்சாப்பில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. "சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் – சிங்கப்பூர், 5 நாள் 4 இரவு, சாப்பாடு உட்பட." அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "செல்லுபடியாகும் கடப்பிதழும் தேவையான விசாக்களும் பயணியின் சொந்தப் பொறுப்பு." குழப்பம் மொத்தமும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

நம் பட்டணத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு மலேசியக் குடிமகனுக்கான நீல அடையாள அட்டை. இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்திறங்கிய தாத்தாவுக்கு இன்றும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டைதான். மருமகள் தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். கையில் இந்தியக் கடப்பிதழும் துணைவருக்கான நீண்டகாலப் பாஸும். ஒரு மாதம் தங்கிப் போக அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறார். நால்வரும் ஒரே கேபினில் படுக்கலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம். குடிநுழைவு அதிகாரி பார்ப்பதோ அவரவர் கடப்பிதழை. நால்வருக்கும் நான்கு விதமான பதில் வரும்.

## முதலில் ஐந்து சொற்கள்

இவற்றைக் கலந்து பேசுவதால்தான் பாதித் தவறு நடக்கிறது.

1. கடப்பிதழ்: நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்று அந்த நாடு தரும் சான்று. இது உங்களை வேறு எந்த நாட்டுக்குள்ளும் விடும் என்ற உறுதியைத் தராது.

2. விசா: ஒரு நாட்டின் வாசலுக்கு வந்து நிற்க அந்த நாடு முன்கூட்டித் தரும் இசைவு. ஒருமுறை நுழைவு, பலமுறை நுழைவு என்று இரண்டு வகை உண்டு. கப்பல் பயணத்தில் இந்த வேறுபாடுதான் ஆளை விழுத்தாட்டும்.

3. வருகை அட்டை: விசாவும் இதுவும் வேறு. வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் விவரப் படிவம். சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டை, மலேசியாவின் எம்டிஏசி, தாய்லாந்தின் டிடிஏசி மூன்றும் இந்த வகை. மூன்றும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இணையப் பக்கம் எதுவானாலும் அரசாங்கத்துடையது கிடையாது. கூகளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவது பெரும்பாலும் அந்த ரகம்தான்.

4. பாஸ்: உள்ளே வந்த பிறகு எத்தனை நாள், எதற்காகத் தங்கலாம் என்ற அனுமதி. நாம் 'பெர்மிட்' என்று சொல்லும் வேலை அனுமதியும், வெளிநாட்டு மனைவி கணவருக்கான நீண்டகாலச் சமூக வருகைப் பாஸும் இதில் சேரும்.

5. மறுநுழைவு அனுமதி: மலேசியாவில் வாழும் வெளிநாட்டவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வர வேண்டிய அனுமதி. போகும்போது யாரும் கேட்பதில்லை. திரும்பும்போது இல்லாவிட்டால்தான் தெரியும்.

## நாளை எண்ணாதீர்கள், வாசலை எண்ணுங்கள்

விமானப் பயணத்தில் பெரும்பாலும் போக ஒரு வாசல், வர ஒரு வாசல். கப்பலில் ஒவ்வொரு துறைமுகமும் ஒரு வாசல். ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் ஒன்றாகவே இருந்தாலும் அந்த நாட்டுக்குள் நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள்.

மேலே சொன்ன பயணத்தையே ஒரு வாரக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சிங்கப்பூர் போய், அன்று மாலை மரீனா பே முனையத்தில் கப்பல் ஏறுகிறார்கள். சனி பினாங்கு. ஞாயிறு புக்கெட். திங்கள் முழுக்கக் கடல். செவ்வாய் காலை சிங்கப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் வீடு.

வாசல்கள்: சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, மறுபடி சிங்கப்பூர், மறுபடி மலேசியா. ஐந்து.

பினாங்கில் சுவெட்டன்ஹம் துறையில் இறங்கும்போது சுங்கை சிப்புட்காரருக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம். ஆனால் குடிநுழைவுக் கணக்கில் அவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறார். அடையாள அட்டையை நீட்டினால் போதாது, கடப்பிதழ் வேண்டும். "அப்படியென்றால் பினாங்கிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமே, சிங்கப்பூர் வரை எதற்குச் சுற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நினைத்த நேரத்தில் முடியாது. உங்கள் பெயர் அடுத்த துறைமுகத்துக்கான பயணிகள் பட்டியலில் இருக்கிறது. பாதி வழியில் இறங்க வேண்டுமானால் கப்பல் நிறுவனத்திடம் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இனி ஆளுக்கு ஆள் கணக்கு.

நீல அட்டை மகன். ஆசியான் நாடுகளுக்கிடையே குறுகிய காலப் பயணத்துக்கு விசா விலக்கு இருப்பதால் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் விசா வேண்டாம். நிரப்ப வேண்டியவை: எஸ்ஜி வருகை அட்டை இரண்டு முறை, டிடிஏசி ஒரு முறை. சொந்த நாட்டுக்குள் வர எம்டிஏசி தேவையில்லை.

இந்த 'இரண்டு முறை' என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஸ்ஜி வருகை அட்டையை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும். செவ்வாய் திரும்புகிறவர் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அனுப்பப் பார்த்தால் ஏற்காது. ஞாயிறு அவர் புக்கெட்டில் இருப்பார், திங்கள் நடுக்கடலில் இருப்பார். கப்பல் வைஃபைக்குத் தனிக் கட்டணம். ஆகவே புக்கெட்டில் கைப்பேசிக்கு அலை கிடைக்கும்போதே செவ்வாய்க்கிழமைக்கான அட்டையை நிரப்பிவிடுவது நல்லது. 2025 மே 1 முதல் கட்டாயமான டிடிஏசிக்கும் மூன்று நாள் கணக்குதான், ஆனால் அது வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள். அதை வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். கடல்வழி வருகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

சிவப்பு அட்டைத் தாத்தா. நிரந்தரவாசி என்பது மலேசியாவில் வாழும் உரிமை. பயணத்தில் அவர் அவருடைய கடப்பிதழ் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்காரர். இந்தியக் கடப்பிதழ் என்றால் சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அதுவும் பலமுறை நுழைவு. திரும்பி வர அவருடைய மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். எம்டிஏசியிலிருந்து நிரந்தரவாசிகளுக்கு விலக்கு உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்கள் பலர் இந்தியக் கடப்பிதழைப் புதுப்பித்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்படியானால் முதல் வேலை கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தோடு. கப்பல் டிக்கெட் அதற்கப்புறம்தான்.

மருமகள். இந்தியக் கடப்பிதழ் என்பதால் அவருக்கும் சிங்கப்பூர் விசா வேண்டும். மலேசியரை மணந்தவர் என்பது சிங்கப்பூர் வாசலில் எடுபடாது. நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு எம்டிஏசி விலக்கு உண்டு. ஆனால் பாஸின் கடைசித் தேதியைப் பாருங்கள்: பயணத்தின் நடுவில் காலாவதியானால் போனது விடுமுறைக்கு, திரும்புவது சுற்றுலாப் பயணியாக என்றாகிவிடும்.

ஊரிலிருந்து வந்த தம்பி. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதனால் மலேசிய வாசலில் விசாத் தொல்லை இல்லை. ஆனால் எம்டிஏசி ஒவ்வொரு நுழைவுக்கும் வேண்டும். இவர் கணக்கு: சிங்கப்பூர் விசா ஒன்று (பலமுறை நுழைவு), எஸ்ஜி அட்டை இரண்டு, எம்டிஏசி இரண்டு (பினாங்குக்கு ஒன்று, செவ்வாய் தரைவழி திரும்ப ஒன்று), டிடிஏசி ஒன்று. விசாவைச் சேர்க்காமலே ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து படிவம்.

தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் இந்தியா, மலேசியா உட்பட 93 நாட்டினருக்கு 60 நாள் விசா விலக்கு தந்தது. இந்த மாதிரிச் சலுகைகள் அரசாங்க முடிவுக்கேற்ப வரும், போகும். டிக்கெட் வாங்கிய நாளில் பார்த்ததோடு விடாமல் புறப்படும் வாரத்திலும் ஒருமுறை தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் விசாவுக்கு 14ஏ என்ற படிவம், 30 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. கடைசி நேரம்வரை காத்திருக்காமல் தொடங்கினால் இரண்டாவது முறை கேட்கவாவது நேரம் இருக்கும்.

## "கீழே இறங்க மாட்டேன், கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்"

விசா இல்லாதவர்கள் சொல்லும் முதல் யோசனை இது. பெரும்பாலான இடங்களில் செல்லாது.

கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் வரும்போது அதிலுள்ள எல்லோருடைய பெயர், பிறந்த தேதி, நாடு, கடப்பிதழ் எண் அடங்கிய பட்டியலை அந்த நாட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்கிறது. கடல் போக்குவரத்தை எளிதாக்கும் 1965ஆம் ஆண்டு அனைத்துலக உடன்பாட்டில் பயணிகள் பட்டியலுக்கென்றே தனிப் படிவம் உண்டு. நீங்கள் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தாலும் உங்கள் பெயர் கரைக்குப் போய்விடும். தகுந்த பத்திரம் இல்லாத ஆளை ஏற்றி வந்த கப்பலுக்கு அபராதம் விழலாம். நெஞ்சுவலி என்று ஒருவரை ஆம்புலன்ஸில் கரைக்கு இறக்க நேர்ந்தாலோ, எந்திரக் கோளாறால் பயணம் அங்கேயே முடிந்தாலோ அவர் அந்த நாட்டு மண்ணில்தான் நிற்க வேண்டும். இந்தச் சிக்கலெல்லாம் வேண்டாம் என்றுதான் முனையத்தில் கணினி முன் இருக்கும் ஊழியர் வழித்தடத்திலுள்ள எல்லா நாட்டுக்கும் விசா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுகிறார். கெஞ்சிப் பயனில்லை. ஏற விடாவிட்டால் டிக்கெட் பணமும் பொதுவாகத் திரும்பாது.

பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் பஹாமாஸ், பனாமா என்று ஏதாவது ஒரு நாட்டுக் கொடி பறக்கும். அந்த நாட்டு விசா வேண்டுமா என்றால், வேண்டாம். கொடி கப்பலின் பதிவுக்கும் கப்பலுக்குள் நடக்கும் சட்டத்துக்கும் உரியது. நீங்கள் இறங்கும் துறைமுகத்தின் வாசலை அது திறக்காது.

## ஆறு மாதக் கணக்கும் ஐந்து வருடக் கடப்பிதழும்

கப்பல் நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கடப்பிதழ் செல்ல வேண்டும். புறப்படும் நாளிலிருந்து என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். டிசம்பர் 20 அன்று கப்பல் திரும்புகிறது என்றால் கடப்பிதழ் குறைந்தது அடுத்த ஜூன் 20 வரை செல்ல வேண்டும். ஜூன் 15 என்று இருந்தால் ஐந்து நாள்தானே என்று யாரும் விடமாட்டார்கள்.

மலேசியக் கடப்பிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான். ஆறு மாதத்தைக் கழித்தால் கையில் உண்மையில் இருப்பது நாலரை ஆண்டு. கட்டணம் 200 மலேசிய வெள்ளி, 60 வயதை எட்டியவர்களுக்கும் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி, மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம். நம் ஊர்க்காரர்களுக்கு ஈப்போதான் கிட்டே. ஆனால் பள்ளி விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அங்கே விடியற்காலை வரிசை. அதைத் தவிர்க்கவாவது முன்கூட்டிப் போங்கள்.

வட மாநில எல்லைவாசிகளுக்குத் தாய்லாந்துத் தரை எல்லைக்கென்று தரப்படும் எல்லைப் பாஸைக் காட்டிக் கப்பலில் ஏற முடியாது.

கடப்பிதழின் நிலையும் கணக்கில் உண்டு. படமுள்ள பக்கம் உரிந்தது, தையல் விட்டது, மழையில் நனைந்து முத்திரை மை பரவியது எதையும் நிராகரிக்கலாம். குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பழைய கடப்பிதழில் இன்னும் காலம் உள்ள அமெரிக்க விசா இருந்தால், விசா ஒட்டிய பக்கம் சேதமாகாதவரை பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டலாம். 'காலாவதியாகிவிட்டதே' என்று பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

## ஏ/எல், ஏ/பி

இது நம் சமுதாயத்துக்கென்றே அமைந்த சிக்கல். மலாயில் ஏ/எல் என்றால் இன்னாரின் மகன், ஏ/பி என்றால் இன்னாரின் மகள். மலேசியத் தமிழர் கடப்பிதழில் 'இன்னார் ஏ/எல் இன்னார்' என்று பெயர் முழுவதும் ஒரே ஓட்டமாக அச்சாகியிருக்கும். கப்பல் முன்பதிவுப் படிவமோ குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து, சாய்கோட்டையும் ஏற்காது. முகவர் அவசரத்தில் ஒருவருக்கு அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும், அவர் தங்கைக்குச் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிடுவார்.

கடப்பிதழின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரி எந்திரம் படிப்பதற்கென்று இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடம். அங்கே பெரிய எழுத்தும் எண்ணும் '<' என்ற நிரப்புக் குறியும் மட்டுமே வரலாம். சாய்கோடு வரவே முடியாது. முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக்குமாக ஐந்து இடம் போனால் பெயருக்கு 39 இடம்தான். தாத்தா, அப்பா, பிள்ளை என்று நீளும் பெயர் அதில் வெட்டுப்படும். கவுண்டர் எந்திரம் படிப்பது இந்த வரியைத்தான். ஆகவே:

1. முன்பதிவு செய்யும்போது பெயரை வாயால் சொல்லாமல் படப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.
2. சாய்கோட்டை விட்டுவிட்டு 'ஏஎல்', 'ஏபி' என்று சேர்த்தோ, அதை அறவே விட்டோ எழுதுவது வழக்கம். எந்த முறை என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டு, விமானம், கப்பல், விசா, வருகை அட்டை எல்லாவற்றிலும் அதையே பின்பற்றுங்கள்.
3. உறுதிச் சீட்டு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசித் தவணைக்கு முன் திருத்துவது எளிது. பயணிகள் பட்டியல் போன பிறகு திருத்துவது தொல்லை.

இந்தியக் கடப்பிதழில் குடும்பப் பெயர்ப் பகுதி வெறுமையாக இருக்கும் தமிழ்நாட்டு உறவினர்களுக்குச் சிக்கல் இன்னொரு விதம். முதற்பெயர் இல்லை என்று கணக்கிட்டால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சிடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிழை என்று பதற வேண்டாம். ஐக்கிய அரபு சிற்றரசுகளோ 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க் கடப்பிதழுக்குச் சுற்றுலா விசா நுழைவை நிறுத்தி, பிறகு அப்பா பெயர் கடப்பிதழின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் சரி என்று தளர்த்தின. துபாயிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு இது முக்கியம்.

பிள்ளைகள் விஷயத்திலும் பெயர் இடிக்கும். நம் வழக்கத்தில் பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர். தாயும் பிள்ளையும் தனியாகப் பயணம் செய்தால் இரண்டு கடப்பிதழையும் பார்ப்பவருக்கு உறவே தெரியாது. பிறப்புப் பத்திர நகலும், உடன் வராத அப்பாவின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். பாட்டி தாத்தாவோடு அனுப்பினால் இரு பெற்றோரின் கடிதமும் தேவை.

## கடப்பிதழே எடுக்க முடியாதவர்கள்

கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணங்கள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கின்றன. 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி பதிவு செய்தால்தான் திருமணம். பதிவில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அரசியலமைப்புப்படி குடியுரிமை தாயைப் பார்த்து வருகிறது. அம்மா வெளிநாட்டவரானால், அப்பா நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா' (குடிமகன் அல்லாதவர்) என்று அச்சாகிவிடும். அந்தப் பிள்ளைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பலருக்கு இது தெரிய வருவதே முதல் வெளிநாட்டுப் பயணத்தின்போதுதான். கப்பல் முகவரால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தேசியப் பதிவுத் துறையில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை.

தற்காலிகவாசிக்கான பச்சை அட்டை வைத்திருப்பவர்களும், எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களும் முன்பணம் கட்டும் முன் குடிநுழைவுத் துறையில் நேரில் கேட்டுவிட வேண்டும். ஐநா அகதி அட்டை பயணப் பத்திரம் ஆகாது. அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டினால் திரும்ப வழியில்லை.

செம்பனைத் தோட்டத்தில் பெர்மிட்டில் வேலை செய்பவர் பாஸுடன் பலமுறை நுழைவு விசா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலர் கடப்பிதழ் முதலாளி கையில் இருப்பதாகச் சொல்வார்கள். பிறர் கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக்காக வாங்கி வைத்தேன் என்ற சமாதானத்தை இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருப்பது வருத்தமான விஷயம்.

நீல அட்டை இருந்தும் வெளியேற முடியாதவர்கள் இருக்கிறார்கள். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டவர் திவால்துறைத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போக முடியாது. வருமான வரிப் பாக்கிக்கும் 1967 சட்டத்தின் 104ஆவது பிரிவில் பயணத் தடை போடலாம். நண்பருக்குக் கடன் ஜாமீன் கையெழுத்துப் போட்டதே திவால் வரை கொண்டுபோய்விட்டது என்பது தெரியாதவர்கள் இருக்கிறார்கள். குடிநுழைவுத் துறையின் எஸ்எஸ்பிஐ இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தடை உண்டா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

## தூரக் கடல்: ஐரோப்பா, அலாஸ்கா, ஜப்பான்

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் விசா வேண்டாம். கடப்பிதழ் அங்கிருந்து கிளம்பிய பின் மூன்று மாதம் செல்ல வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் முகப்படமும் கைரேகையும் பதியும் புது முறை வந்திருக்கிறது; முதல் முறை பதிகையில் வரிசை நீளும். இந்தியக் கடப்பிதழ் மருமகளுக்கு விசா வேண்டும், அதில் நுழைவு எண்ணிக்கை முக்கியம். ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் குசாதாசியைப் பார்த்துவிட்டு ஏதென்ஸுக்கே திரும்பும் கப்பலில் அவர் ஷெங்கனைவிட்டு வெளியேறி மறுபடி நுழைகிறார். ஒருமுறை நுழைவு விசா குசாதாசியோடு செத்துவிடும்.

அலாஸ்கா இதைவிடச் சிக்கல். மலேசியருக்கு அமெரிக்க விசா வேண்டும். கோலாலம்பூர் தூதரகத்தில் நேர்காணல், விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்குகிறோம், அமெரிக்க விசா மட்டும் போதும் என்று தோன்றும். ஆனால் 1886இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டத்தால், வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து அப்படிச் சுற்றிவர முடியாது. அதற்காகவே கப்பல் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். மலேசியருக்குக் கனடா விசாவும் வேண்டும். ஒரு மாலை நேர நிறுத்தத்துக்காக முழு விசா. அமெரிக்கர்கள் இதே மாதிரிச் சுற்றுப் பயணத்துக்குப் பிறப்புப் பத்திரத்தோடு போய் வருவதாக இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.

பிரிட்டனுக்கு மலேசியர் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்ற மின் அனுமதி எடுக்க வேண்டும். சவுத்ஹாம்ப்டனில் கப்பல் ஏறுகிறவருக்கும் அது பொருந்தும்.

கப்பல் பயணிகளுக்கென்றே சில நாடுகள் சலுகை தருகின்றன. ஜப்பான் 2015 ஜனவரி முதல், குறிப்பிட்ட கப்பல்களில் வருகிறவர்களுக்கு விசா இல்லாத கரையிறக்க அனுமதி வைத்திருக்கிறது. சீனா 2024 மே 15 முதல் 13 துறைமுகங்களில், இரண்டு பேரோ அதற்கு மேலோ கொண்ட கப்பல் சுற்றுலாக் குழுக்களை 15 நாள் வரை விசாவின்றி விடுகிறது. இவற்றை நம்பிப் போகிறவர் மறக்கக் கூடாதது: வந்த கப்பலிலேயே திரும்பினால்தான் சலுகை. யோகோஹாமாவில் இறங்கி விமானத்தில் வீட்டுக்கு வருவதாகத் திட்டம் போட்டால் வழக்கமான விசா விதிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

## கப்பலில் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டால்

ஆசிய வழித்தடங்களில் ஏறும்போதே கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது சாதாரணம். ஒவ்வொரு துறைமுகத்திலும் அதிகாரிகள் கப்பலுக்கு வந்து மொத்தமாகப் பார்க்க வசதி. வாங்கும்போது ரசீதோ குறிப்போ தருவார்கள். கடைசி இரவோ, நேருக்கு நேர் சோதனை உள்ள துறைமுகத்துக்கு முன்போ திருப்பித் தருவார்கள். அதனால் வீட்டிலேயே படப் பக்கத்தையும் விசாப் பக்கங்களையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உடலோடும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். கரைக்குப் போகும்போது கையில் இருக்கப்போவது அந்த நகலும் கேபின் அட்டையும்தான். கடப்பிதழைப் பெரிய பெட்டிக்குள் வைத்து முனைய வாசலில் சுமைக்காரரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது உண்டு. பெட்டி கேபினுக்கு மாலையில்தான் வரும்.

கப்பலைத் தவறவிட்டால்? எல்லோரும் திரும்பியாக வேண்டிய நேரம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. அதுவரை வராதவரின் கேபின் பெட்டகத்தைத் திறந்து கடப்பிதழை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விடும். அதற்காகவாவது கடப்பிதழைப் பெட்டகத்தில் வையுங்கள், துணிக்கடியில் ஒளித்து வைக்காதீர்கள். முகவரின் தொலைபேசி எண் தினமும் கேபினுக்கு வரும் தாளில் அச்சாகியிருக்கும். கரைக்குப் போகும் முன் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கடப்பிதழ் தாய்லாந்தில் தொலைந்துபோனால் மலேசியருக்கு பேங்காக் தூதரகமும் சொங்க்லாவிலுள்ள துணைத் தூதரகமும் அவசரச் சான்றிதழ் தரும். முதலில் உள்ளூர்ப் போலீஸ் புகார் நகல் வேண்டும். அந்தச் சான்றிதழ் மலேசியாவுக்குத் திரும்ப மட்டும்தான். அதை வைத்துச் சிங்கப்பூர் போகும் கப்பலில் மறுபடி ஏறலாம் என்று கணக்குப் போடாமல், நேராக வீட்டுக்கு வரும் வழிக்கு டிக்கெட் பார்க்க வேண்டும்.